தேர்த் தண்ணீர் குடித்த கரிக்கோச்சி

இதை எழுதலாமா விடலாமா என்று பல வருடங்களாக இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மேசையில் போய் இருப்பேன், பேனையைத் திறப்பேன், சுவரில் இருக்கிற அம்மன் படத்தைப் பார்ப்பேன், பேனையை மூடிவிட்டு எழும்பிப் போய்விடுவேன். நான் பெரிதாகப் படித்தவன் அல்ல. எழுத்து எனக்குக் கைவந்த காரியமும் அல்ல. அதைவிட, இந்தக் கதையில் எங்கள் கோவில் தலைவர் கன நேரம் நடுத்தெருவில் கிடக்கிறார். அவர் மரியாதையான மனிதர், இன்றைக்கும் அவர்தான் தலைவர். அவர் கிடந்த விதத்தை நான் எழுதி நாலு பேர் வாசிப்பது சரியா என்று மனம் அடித்துக்கொண்டே இருந்தது.

ஆனால் நான் எழுதாமல் இருந்த காலத்தில் மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. சென்ற தை மாதம் பேர்லினில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, நொய்கெல்ன் பகுதியில் ஒரு தமிழ்க்கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற ஒருவர் கடைக்காரருக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

“டார்ம்ஸ்டாட் பக்கம் ஒரு அம்மன் கோவில் அண்ணை. தேர் வரேக்க கரிக்கோச்சி ஒண்டு தானா வந்து நிண்டிட்டுதாம். அந்தக் காலத்து நிலக்கரி ரயில். என்ன செய்தும் அசையேல்லையாம். பேந்து கோவில் தலைவர் தண்டவாளத்தில குறுக்கால படுத்து...”

“ஐயோ, செத்திட்டாரோ?”

“சீச்சீ. யானை தூக்கிவிட்டிட்டுது.”

நான் முருங்கைக்காயைக் கீழே வைத்தேன். “தம்பி, அந்தக் கோவில்ல யானை இல்லை.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீங்கள் அங்க நிண்டனீங்களோ?”

“ஓம்.”

“அப்ப உங்களுக்கு வடிவாத் தெரிஞ்சிருக்காது. சனம் கூடினா உள்ளுக்க நிக்கிற ஆளுக்கு ஒண்டும் தெரியாது” என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கடைக்காரருக்குத் தொடர்ந்தார்.

அன்றைக்கே முடிவெடுத்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அம்மன் சாட்சி.

நாங்கள் இருப்பது டார்ம்ஸ்டாட்டுக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். நான் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள ஒரு உணவகத்தில் சமையலறை வேலை. மத்தியான வேலை முடிந்து இரவு வேலை தொடங்கும்வரை நடுவில் ஒரு இடைவெளி உண்டு. வெள்ளிக்கிழமைகளில் நான் விரதம். இறைச்சி பொரிக்கிற இடத்தில் இருந்து விரதச் சாப்பாடு சாப்பிட மனம் வராது. ஆகவே பிட்டுப் பார்சலைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரத்தின் கடைசி முனைக்குப் போவேன். அங்கே சிகரெட் பிடிப்பவர்கள்கூட வரமாட்டார்கள்.

அங்கேதான் அவர் நின்றார். உயரமான மனிதர், அறுபது வயதைக் கடந்தவர், தொப்பி நிறையப் பழைய சின்னங்கள், மடிக்கிற ஸ்டூல் ஒன்று, சுடுதண்ணீர்ப் போத்தலில் தேநீர். ரயில் ஒன்று வந்தது. அவருடைய உதடுகள் மெல்ல அசைந்தன. ரயில் போனபின்பும் அசைந்துகொண்டிருந்தன. செபம் செய்கிறார் என்று நினைத்து, நான் சத்தம் போடாமல் பார்சலைப் பிரித்தேன். மூன்று நாலு வெள்ளிக்கிழமைகள் இப்படியே போயின. ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

“ஐயா, என்ன செய்கிறீர்கள்?”

“பார்க்கிறேன்.”

“எதை?”

“ரயிலை.”

“ரயில் போய்விட்டதே?”

“அதனால்தான் அடுத்ததைப் பார்க்க நிற்கிறேன்.”

உதட்டுக்குள் அவர் சொன்னது எஞ்சினின் இலக்கம். வேறு ஒன்றும் இல்லை. பார்ப்பதும் இலக்கத்தைச் சொல்வதும்தான் காரியம் என்றார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. நானும் வாராவாரம் அதே அம்மனைத்தானே போய்ப் பார்க்கிறேன்? ஏற்கனவே பார்த்துவிட்டோமே என்று யாரும் கோவிலுக்குப் போகாமல் விடுவதில்லை.

அவர் இங்கிலாந்துக்காரர். வாலிபத்தில் ஜேர்மனியின் வடக்கே, இங்கிலாந்துப் பட்டாளத்தில் இருந்தவர். இந்த ஊர் ஜேர்மன் பெண் ஒருவரைக் கட்டி இங்கேயே தங்கிவிட்டார். மனைவி காலமாகிவிட்டார். அவருடைய ஜேர்மனும் என்னுடைய ஜேர்மனும் ஒரே இடங்களில் முறியும். ஆகவே நாங்கள் இரண்டு பேரும் பேசினால் எங்களுக்குள் நன்றாக விளங்கும், பக்கத்தில் நிற்கிற ஜேர்மன்காரருக்கு மட்டும் விளங்காது. என் குளிர்கோட்டு வீட்டில் சாமியறைக் கதவுக்குப் பின்னால் தொங்குவது. கற்பூரமும் சாம்பிராணியும் ஏறிப் போய்விட்டது, தோய்த்தாலும் போகாது. நான் பின்னாலிருந்து வரும்போதே அவர் திரும்பாமல் மூக்கை உயர்த்தி, “வந்துவிட்டாயா?” என்பார்.

வீட்டில் இதை விளங்கப்படுத்துவதுதான் பாடாய்ப் போய்விட்டது.

“இஞ்சாருங்கோ,” என்றாள் என் மனைவி, “ரயிலில போறதுக்கு ரிக்கற் எடுப்பினம். ரயிலைப் பாக்கவும் போவினமே?”

“பாக்கிறதுக்கு ரிக்கற் இல்லையப்பா.”

“அதுதான் போறியளாக்கும். காசு கேட்டிருந்தா வீட்டிலையெல்லோ நிப்பியள்.”

வெள்ளிக்கிழமைகளோடு பிறகு சனிக்கிழமைகளும் சேர்ந்தன. ஊருக்கு வெளியே தண்டவாளத்துக்கு மேலாகப் போகிற ஒரு பழைய நடைபாலம் உண்டு. அதில் நின்று பார்ப்போம். பார்க்க ஒன்றும் வராத நேரங்களில் அவர் தன் சின்ன வயதைச் சொல்வார். இங்கிலாந்தில் கரிக்கோச்சிகள் ஓடிய கடைசிக் காலம். அரைக்காற்சட்டையோடு, பாணுக்குள் ஜாம் பூசிக் கடதாசியில் சுற்றிக்கொண்டு, பொடியன்கள் கூட்டமாகப் பாலத்தில் நிற்பார்களாம். எஞ்சின் பாலத்துக்குக் கீழே வரும்போது யாரும் பின்வாங்கக் கூடாது. புகையும் நீராவியும் மூடி, பக்கத்தில் நிற்பவன்கூடத் தெரியாது. அப்போது நகராமல் நிற்பவன்தான் ஆள். வெளியே வந்தால் எல்லா முகமும் கரி. வீட்டுக்கு வீடு ஏச்சு.

ஞாயிற்றுக்கிழமைகளில் எஞ்சின் கொட்டகைக்குள் வேலியில் இருந்த ஓட்டையால் நுழைவார்களாம். மேற்பார்வையாளர் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற நேரம். உள்ளே இருட்டில் எஞ்சின்கள் சூடாக மூச்சுவிட்டுக்கொண்டு நிற்குமாம். “மாட்டுத் தொழுவம் மாதிரி,” என்பார். பிறகு பிறகு மூச்சுவிடாதவைதான் கூடுதலாக நின்றன. துடைக்க ஆள் இல்லை. பித்தளைப் பெயர்ப்பலகைகளைக் கழற்றிவிட்டார்கள். இலக்கத்தை யாரோ சோக்கட்டியால் எழுதிவிட்டிருந்தார்கள். போன கிழமை நின்றது இந்தக் கிழமை இல்லை. பொடியன்களும் குறைந்தார்கள், ஒவ்வொருவராகக் கிட்டார் அடிக்கப் போய்விட்டார்கள். இவர் மட்டும் விடவில்லை. அந்தப் பக்கத்துப் பாதையில் கடைசிக் கரிக்கோச்சி ஓடப்போகிற நாளைக் கேள்விப்பட்டு, பாலத்தில் நிற்கப்போகிற இடத்தைக்கூடத் தெரிவுசெய்து வைத்திருந்தாராம்.

அந்த நாளன்று அவருக்குக் கூகைக்கட்டு. இரண்டு கன்னமும் வீங்கிவிட்டது. தாயார் கம்பளிச் சால்வையால் தலையைச் சுற்றிக் கட்டி, யன்னலையும் பூட்டிவிட்டார்.

“படுக்கையிலிருந்து விசில் கேட்டேன்,” என்பார். “ஆனால் அது எஞ்சினா, பக்கத்து வீட்டு அடுப்பில் கொதித்த கேத்திலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.”

இந்த இடம் வந்தால் தேநீர்ப் போத்தலை மூடிவிடுவார். நான் சிரிக்கலாமா என்று முதல் தடவை அவருடைய முகத்தைப் பார்த்தேன். அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

எங்கள் பக்கத்தில் ரயில் ஆர்வலர் சங்கம் ஒன்று ஒரு பழைய ஜேர்மன் கரிக்கோச்சியை வைத்திருந்தது. வருடத்தில் சில நாட்கள் ஆட்களை ஏற்றி ஓடும். அதன் கொதிகலனுக்குக் கொடுத்த அனுமதி முடியப்போகிறது, திருத்துவதற்கு வசதியில்லை, இந்த ஓகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசி ஓட்டம், பிறகு கொட்டகைதான் என்று ஒரு நாள் நண்பர் வந்து சொன்னார். அவருக்கு அப்போது முழங்காலில் சத்திரசிகிச்சை முடிந்து இரண்டு ஊன்றுகோல்.

“இந்த முறை எனக்குக் கூகைக்கட்டு வராது,” என்றார். “நீ வந்து ஸ்டூலைத் தூக்கினால் போதும். பாலத்தில் நான் நிற்க வேண்டும்.”

“கட்டாயம்,” என்றேன். யோசிக்காமல் சொன்னேன்.

வீட்டில் மனைவி கலண்டரில் விரலை வைத்தாள். “அண்டைக்குத் தேரெல்லே?”

எங்கள் கோவில், ஊருக்கு வெளியே தொழிற்பேட்டையில், டயர்க் கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. முன்பு அது கம்பளக் கிடங்கு. ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டு, தெரு வெறுமை, ஆகவே தேர் வெளிவீதி வர வசதி. தேருக்குப் பின்னால் ஆண்கள் பிரதட்டை செய்வார்கள். நேர்த்தி வைத்தவர்கள், ஈர வேட்டியோடு, கைகளை நீட்டித் தேங்காயைப் பிடித்துக்கொண்டு தெருவில் உருண்டு வருவது. ஜேர்மனி குளிர்தேசம் என்று நினைப்பவர்கள் ஓகஸ்ட் வெயிலில் தொழிற்பேட்டைத் தாரில் முதுகை வைத்துப் பார்க்க வேண்டும். அதற்காகத் தீயணைப்புப் படையிடம் தண்ணீர்ப் பவுசர் வண்டி ஒன்று கேட்டு வாங்குவோம். அது தேருக்குப் பின்னால், உருளுகிறவர்களுக்கு முன்னால், தெருவை நனைத்துக்கொண்டு போகும். அதற்குப் பொறுப்பு நான்தான். தையிலேயே விண்ணப்பம் போட்டுவிடுவேன்.

பவுசரை ஓட்டுவது ஒரு இளம் பெண், தொண்டராகத் தீயணைப்புப் படையில் இருப்பவர். வருடா வருடம் அவர்தான் வருவார். தமிழ் தெரியாது. சனம் ‘அரோகரா’ என்று கத்தினால் தேர் நகரும், உடனே தானும் கொஞ்சம் முன்னுக்கு எடுக்க வேண்டும் என்று பழகி வைத்திருக்கிறார். இதை நினைவில் வைத்திருங்கள்.

நண்பரிடம் போய்ச் சொன்னேன். என்னால் வர ஏலாது, என் சாமியின் நாள் என்றேன். அவர் கோபிக்கவில்லை. “டாக்சியில் போகிறேன். நீ தெருவில் நின்று விசிலைக் கேள்,” என்றார். பிறகு, “கேத்திலைப் பக்கத்தில் வைத்திருக்காதே,” என்றார்.

தேரன்று நல்ல வெயில். தேர் தொழிற்பேட்டையின் பின்பக்கத் தெருவுக்குத் திரும்பியது. அந்தத் தெருவுக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் ஒரு கம்பிவேலிதான். டயர்க் கடைக்குப் பின்னால் புகை தெரிந்தது. என் நெஞ்சு குளிர்ந்தது, வருகிறது என்று கையைக் கூப்பினேன். ஆனால் புகை அசையவில்லை. கிட்டப் போனால் கரிக்கோச்சி நிற்கிறது. ஓட்டுநர் கரி படிந்த முகத்தோடு வேலியைப் பிடித்துக்கொண்டு பவுசரைப் பார்த்துக் கூப்பிடுகிறார்.

விஷயம் இதுதான். அந்த எஞ்சினுக்கு இந்த இடத்தில் தண்ணீர் ஏற்றத் தீயணைப்புப் படையின் வேறொரு வாகனம் வர இருந்தது. காலையில் எங்கோ கோதுமை வயல் பற்றிக்கொண்டதால் அது அங்கே போய்விட்டது. தண்ணீர் இல்லாவிட்டால் நெருப்பை அணைத்துவிட வேண்டும், டீசல் எஞ்சின் ஒன்று வந்து இழுத்துக்கொண்டு போகும்.

“என்னை இன்றைக்குக் கோவிலுக்குத்தான் விட்டிருக்கிறார்கள்,” என்றார் பவுசர்ப் பெண். “அவரைக் கேளுங்கள்.” என்னைக் காட்டினார்.

அந்த நேரம் பார்த்து என் இடுப்பில் போன் அடித்தது. பாலத்திலிருந்து நண்பர்.

“ஏன் இன்னும் வரவில்லை? தூரத்தில் விசில் கேட்டேன். நிச்சயமாகக் கேட்டேன். பாலத்தில் கேத்தில் இல்லை, நான் பார்த்துவிட்டேன்.”

“கொஞ்சம் நில்லுங்கள்,” என்றேன்.

“நின்றுகொண்டுதான் இருக்கிறேன். அதுதான் பிரச்சினை. இந்த முழங்கால்.”

நெருப்பு இல்லாத எஞ்சினை டீசல் இழுத்துக்கொண்டு பாலத்துக்குக் கீழே போவதை நினைத்தேன். அவர் அங்கே இரண்டு ஊன்றுகோலோடு. தலைவரைத் தேடி ஓடினேன்.

தலைவர் பிரதட்டையில் இருந்தார். கொஞ்சம் பருத்த மனிதர். உருளும்போது முகம் மேலே வருகிற நேரத்தில் மட்டும்தான் பேச முடியும். நான் பக்கத்தில் குனிந்து நடந்துகொண்டே பேசினேன்.

“தலைவர், ஒரு சோலி.”

“உருளேக்க என்ன சோலி? பே...” முகம் கீழே போய்விட்டது. திரும்ப மேலே வந்து, “...ந்து கதையும்.”

“பவுசர் வேணும். கொஞ்ச நேரம்.”

“ஆருக்கு?”

“கரிக்கோச்சிக்கு.”

அவர் ஒரு முழுச் சுற்று உருண்டு வந்தார். “ஆருக்கெண்டனீர்?”

வேலிக்கு அப்பால் காட்டினேன். தலையைப் பின்னுக்குச் சாய்த்துத் தலைகீழாகப் பார்த்தார். எஞ்சின் புசுக்கென்று மூச்சுவிட்டது.

“உமக்கு விசரே? பவுசர் போனா நான் உருளாம நிக்கவேணும். நிண்டா எழும்ப ஏலாது. நேர்த்தி. எழும்பினா திரும்ப வாசலில இருந்து தொடங்கவேணும்.”

“எழும்பாதேங்கோ. அப்பிடியே கிடவுங்கோ.”

“றோட்டில கிடவுங்கோ எண்டு சொல்லுறீர். முதுகு அவியுதடாப்பா!”

தெருவோரத்தில் தண்ணீர்ப்பந்தல். என் மனைவி அங்கே தேசிக்காய் பிழிந்த தண்ணி வார்த்துக்கொண்டு நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறாள். எனக்கு ஏச்சுத்தான் விழப்போகிறது என்று நினைத்தேன். அவள் கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“தலைவர், தண்ணிப்பந்தலுக்கு முன்னால ஒருத்தர் வந்து தாகமெண்டு நிண்டா, நீ மனிசனோ மிசினோ எண்டு கேக்கிறதே? தேர் நாளில இல்லையெண்டு சொல்லியனுப்பினா அம்மாளாச்சி என்ன நினைப்பா?”

தலைவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். தேரில் நின்ற ஐயர், எதற்காக இழுபறி என்று கேட்டு, “அப்ப இதில ஒரு மண்டகப்படி வைப்பம். தேர் நிக்கட்டும்,” என்றார்.

“போம்,” என்றார் தலைவர். “அம்மன்ர தண்ணி. அவவுக்குச் சம்மதமில்லையெண்டா குழாய் பூட்டாது. ஆனா கெதியா. தோசைக்கல்லில கிடக்கிறன்.”

குழாய் பூட்டியது. பவுசர்ப் பெண் தெருவோரத்தில் இருக்கிற தீயணைப்புத் தண்ணீர் முனையிலிருந்து பவுசருக்கு ஒரு குழாயும், பவுசரிலிருந்து வேலிக்கு மேலாக எஞ்சினுக்கு ஒரு குழாயும் போட்டுவிட்டு, திரும்பவும் பவுசரில் ஏறி இருந்தார். அவருடைய கைவேகத்தை மெச்ச வேண்டும். ஆனால் கரிக்கோச்சி குடிக்கிற அளவு எனக்குத் தெரியாது. ஒரு ஆடு மாடு குடிக்கிற நேரம் என்று நினைத்துவிட்டேன். அது குடித்துக்கொண்டே இருந்தது.

இந்தப் பக்கம் உருளுகிறவர்கள் எல்லாரும் வரிசையாகக் கிடந்தார்கள். பெண்கள் குடை பிடித்தார்கள். யாரோ பந்தலிலிருந்து தேசிக்காய்த் தண்ணியை வாளியோடு கொண்டுவந்து தலைவருக்கு மேலே வார்த்தார்கள்.

“ஆ... நல்லாயிருக்கு. வாரும் வாரும். இது சீனி போட்டதோ?”

“ஓம் தலைவர், வடிவாப் போட்டது.”

போட்ட சீனிக்குக் குளவி வந்துவிட்டது. ஓகஸ்ட் மாதத்து ஜேர்மன் குளவி எப்படியென்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தலைவர் தேங்காயையும் விட முடியாமல், எழும்பவும் முடியாமல், கண்ணை மூடிக்கொண்டு அம்மனின் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். இரண்டு பேர் சாமிக்குப் பிடிக்கிற ஆலவட்டத்தைக் கொண்டுவந்து அவருக்கு விசுக்கினார்கள். ரயிலில் இருந்தவர்கள் எல்லாரும் யன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் படம் எடுத்தார்கள். இது கடைசி ஓட்டத்துக்கான விசேட நிகழ்ச்சி என்று நினைத்திருப்பார்கள்.

இதற்குள் தேருக்கு முன்னால் தீபம் காட்டி முடிந்தது. வயதான அக்கா ஒருவர், வந்த விருந்தாளிக்கும் கொடுக்க வேண்டும் என்று, அர்ச்சனைத் தட்டத்தை அப்படியே வேலிக்கு மேலாக எஞ்சினில் நின்ற கரி அள்ளுகிறவரிடம் நீட்டினார். உடைத்த தேங்காய், வெற்றிலை, வாழைப்பழம், ஒரு பெட்டி கற்பூரம், சாம்பிராணி. அந்த மனிதர் தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் வாங்கினார். மிகவும் பவ்வியமாக. பிறகு நெருப்பு அறையின் கதவைத் திறந்து எல்லாவற்றையும் உள்ளே போட்டார். தட்டத்தைத் துடைத்துத் திருப்பித் தந்தார்.

சனம் மூச்சுவிடவில்லை. தவில்காரரின் கைகூட நின்றுவிட்டது. எல்லாரும் ஐயரைப் பார்த்தார்கள்.

ஐயர் புகையைப் பார்த்தார். “என்ன பாக்கிறியள்? நாங்கள் ஓமத்தில என்ன போடுறனாங்கள்? உதைத்தானே?” என்றார்.

சனம் விட்ட மூச்சு அப்படியே “அரோகரா!” என்று எழுந்தது.

அரோகரா கேட்டதும் பவுசர் முன்னுக்குப் போனது.

எஞ்சினுக்குப் போன குழாய் இழுபட்டுக் கழன்று, வேலியைத் தாண்டித் திரும்பி, ஒரு பாம்பு மாதிரி எழும்பித் தெருவில் நின்ற எல்லார் மேலும் அடித்தது. குடைகள் பறந்தன. குளவிகளும் போய்விட்டன. தலைவர் அந்த வெள்ளத்தில் தானாகவே இரண்டு முறை உருண்டார். “அம்மாளே! அம்மாளே!” என்று அவர் கத்தியது கோபத்திலா ஆனந்தத்திலா என்று நான் கேட்கவில்லை. கிடந்த இடத்திலிருந்தே தேங்காயை உயர்த்திக் காட்டினார். அது கையை விட்டுப் போகவில்லை.

எஞ்சினுக்குப் போதிய தண்ணீர் கிடைத்துவிட்டது. ஓட்டுநர் கையைக் காட்டி நீண்ட விசில் ஒன்று அடித்தார். மேளக்காரர் அதற்குக் கெட்டிமேளம் வாசித்தார்கள். கரிக்கோச்சி மெல்ல மெல்ல நகர்ந்து, டயர்க் கடையைத் தாண்டி, பாலம் இருக்கிற பக்கம் போனது. நான் பவுசருக்குப் பக்கத்தில் நனைந்த வேட்டியோடு நின்று, அடுத்த விசில் எப்போது கேட்கும் என்று காதைக் கொடுத்துக்கொண்டே நடந்தேன். கேட்டது. தூரத்தில், பாலத்தடியில். ஆனால் விசில் மட்டும் கேட்டால் போதாதே. அவர் கண்டாரா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். போன் அடித்தேன், எடுக்கவில்லை.

தேர் வீதி சுற்றி இருப்புக்கு வந்து, அன்னதானம் நடந்துகொண்டிருக்கும்போது, கோவில் வாசலில் டாக்சி ஒன்று நின்றது. நண்பர் இரண்டு ஊன்றுகோலோடு இறங்கினார். முகம் முழுக்கக் கரி. கண் இரண்டு மட்டும் வெள்ளை.

“ஆர் உது? தீ மிதிச்சவரோ?” என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது.

நான் ஓடிப்போய்ப் பிடித்துக் கதிரையில் இருத்தினேன். பக்கத்தில் தலைவர், முதுகில் ஏதோ பூசிக்கொண்டு, சாய முடியாமல் நேராக இருந்தார்.

“கண்டீர்களா?” என்றேன்.

“இல்லை,” என்றார்.

இவ்வளவு பேர் தெருவில் கிடந்தும், கடைசியில் இல்லையா?

“பாலத்துக்குக் கிட்ட வரும்போது ஓட்டுநர் நீராவியைத் திறந்துவிட்டார். ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் வெள்ளை. என் ஊன்றுகோல்கூட எனக்குத் தெரியவில்லை.” அவர் சிரிக்கத் தொடங்கினார். கரிக்கு மேலே கண்ணீர் கோடு போட்டது. “நான் பின்வாங்கவில்லை. சரியாக அப்படித்தான் இருக்க வேண்டும். அப்படியேதான் இருந்தது.”

பிறகு மூக்கை உயர்த்தினார், நான் பின்னால் வரும்போது செய்கிற மாதிரி.

“நீ ஏன் வருகிறேன் என்று சொல்லாமல் வந்தாய்? பிறகு ஏன் நிற்காமல் போய்விட்டாய்?”

“நான் வரவில்லை. இங்கேதான் நின்றேன்.”

“பொய் சொல்லாதே. அந்த வெள்ளைக்குள் உன் கோட்டு மணத்தது. எனக்குப் பக்கத்தில். அந்த மணம் வேறு யாருக்கும் இல்லை. நான் உன்னோடு பேசினேன்.”

கரி அள்ளுகிறவர் நெருப்பில் போட்ட கற்பூரத்தையும் சாம்பிராணியையும் நினைத்தேன். “என்ன பேசினீர்கள்?” என்று மட்டும் கேட்டேன்.

“ஆங்கிலத்தில்தான். உனக்கு விளங்கியிருக்காது.” தொப்பியை மடியில் வைத்துத் திருப்பினார். “‘பார், இந்த முறை அம்மா என்னை வர விட்டுவிட்டார்’ என்றேன்.”

ஜேர்மனில் நடந்த இந்தப் பேச்சைத் தலைவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்த்து, “ஆற்ற அம்மா? உந்த மனிசன்ர தாயோ, எங்கட அம்மாளோ?” என்றார்.

“தெரியேல்லை, தலைவர்.”

தலைவர் தான் உருண்டு கொண்டுவந்த தேங்காயை எடுத்து நண்பரின் மடியில் வைத்தார். “இதை நெருப்பில போடவேண்டாமெண்டு சொல்லும்,” என்றார்.

நடந்தது இவ்வளவுதான். நண்பர் இப்போது எங்கள் ஊரிலேயே முதியோர் இல்லம் ஒன்றில் இருக்கிறார். முழங்கால் விட்டுவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் பிட்டுப் பார்சலோடு போகிறேன். அந்தத் தேங்காய் அவருடைய யன்னலில் காய்ந்துபோய் இருக்கிறது, குலுக்கினால் சத்தம் கேட்கும். பேர்லினிலிருந்து வந்த பிறகு யானைக் கதையை அவரிடம் சொல்லி முறைப்பட்டேன். அவர் கொஞ்சமும் வெட்கப்படாமல், “அது நான்தான்,” என்றார். இல்லத்தில் வேலை செய்கிற எங்கள் தமிழ்ப் பிள்ளை ஒருத்திக்குத்தான் முதலில் சொன்னாராம். “கற்பூரத்தைச் சொன்னால் நம்புகிறார்கள் இல்லை. யானையைச் சேர்த்தால் யானையை மட்டும் விட்டுவிட்டு மீதியை நம்புகிறார்கள்.”

பேர்லினில் அப்படி நடக்கவில்லை. யானையைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

ஆகவே இதை வாசிக்கிற உங்களிடம் கும்பிட்டுக் கேட்கிறேன். மற்றவர்களுக்குச் சொல்லுங்கள், நிறையப் பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் இங்கே இருக்கிற மாதிரியே சொல்லுங்கள். கரிக்கோச்சி நின்றது தண்ணீர் இல்லாமல். தலைவர் கிடந்தது தெருவில், தண்டவாளத்தில் அல்ல. அவர் தேங்காயைக் கடைசிவரை விடவில்லை, அதை மறந்துவிடாதீர்கள். பாலத்தில் நின்ற மனிதர் ஒன்றையும் காணவில்லை, ஆனால் பின்வாங்காமல் நின்றார். அவருக்குப் பக்கத்தில் நான் நிற்கவில்லை. யார் நின்றது என்று எனக்குத் தெரியாது, அதனால் அந்த இடத்தில் நீங்களும் யாரையும் சேர்க்காதீர்கள். யானையையும்.